உம்மாவின் கண் பரீட்சை

உம்மா பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் இல்லை. அப்படிப்பட்டவள், தாராவியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்கும் வேலைக்குப் பயிற்சி எடுக்கச் சேர்ந்தாள். சோதித்துப் பழக முதலில் மாட்டியது நான்தான். எனக்கு அப்போது ஏழு வயது.

பயிற்சியில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். மூன்று கால் உள்ள ஆங்கில 'ஈ' எழுத்து அதில் நாலு பக்கமும் திரும்பி நிற்கும்; வரிசை இறங்க இறங்கச் சிறுத்துக்கொண்டே போகும். ஆறு மீட்டர் தள்ளி நின்று, கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஆறு மீட்டருக்கு எங்கே போவது? வாப்பா தன் தோல்பைப் பட்டறைக் கதவில் அட்டையை ஒட்டிக் கொடுத்தார். பைக்குப் போடும் பசை; கதவு பெயர்ந்தாலும் அட்டை பெயராது. சந்துக் குழாயடியில் நான் நிற்பேன்.

"ஒரு கண்ண மூடு புள்ள. அமுக்காத. காலு எந்தப் பக்கம் இருக்கு, காட்டு."

வலது கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அதை மூடினால் கதவு தெரியும், அட்டை தெரியும், எழுத்து மட்டும் கரைந்துபோகும். இடது கண் சும்மா துணைக்கு வைத்தது, எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். சரியாகக் காட்டினால் உம்மாவின் முகம் மலரும். அந்த முகத்துக்காக, வலது கண் பார்த்ததை வரிசை தவறாமல் மனப்பாடம் செய்துகொண்டேன்.

பரீட்சைக்கு ஆளுக்கொரு பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும். அங்கே மாட்டியிருந்ததும் அதே மாதிரி அட்டைதான். பயிற்சி கொடுத்த மராத்தி மேடம் பார்த்துக்கொண்டிருக்க, உம்மா என் வலது கண்ணை மூடச் சொன்னாள். மேல், இடம், கீழ், வலம் என்று ஒரே மூச்சில் காட்டி முடித்தேன். உம்மா பெருமையோடு டிக் போட்டாள். மேடம் எழுந்து வந்து அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார்.

"ஏக் பார் அவுர், பேட்டா."

இன்னொரு முறைதானே என்று பழையபடியே காட்டினேன். அத்தனையும் தப்பு. உம்மாவின் கையிலிருந்து பேனா விழுந்தது.

மனப்பாடம் செய்தது நான்தான், உம்மாவைப் பெயிலாக்காதீர்கள் என்று இந்தியில் அழுதேன். மேடம் உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதிலேயே தெரிந்தது நல்லது, நல்ல கண்ணைக் கொஞ்ச நாள் மூடிவைத்து மற்றதைப் பார்க்கப் பழக்கலாம் என்றார். அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லியிருந்தேனே என்று உம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். பசை போட்டு ஒட்டியதை எப்படித் திருப்புவது? அடுத்து வேறொரு பிள்ளையைச் சோதிக்கச் சொன்னார். உம்மா ஒவ்வொரு முறையும் அட்டையைத் திருப்பினாள். பாஸ்.

பாஸானவள் வழிநெடுக அழுதாள். நின்று நின்று என் இடது கண்ணில் முத்தம் கொடுத்தாள். "ஒரு மாசமா பாத்தேனே, ஒரு மாசமா பாத்தேனே" என்று அதையே சொன்னாள். ஏமாற்றியதற்குத்தான் அழுகிறாள் என்று எனக்குப் பயம்.

"இனிமே தெரியலன்னா தெரியலன்னே சொல்லிருதேன் உம்மா."

அதைக் கேட்டதும் அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தேற்றத்தானே சொன்னோம், இதற்கும் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.