ரோவேனாவின் பெட்டி கேட்டதெல்லாம்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், ஹாரோ பகுதிப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை ரோவேனா தரோசாவுடையது. வயதில் மூத்தவர் என்பதால் நான் 'மானாங்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். வாரத்தில் ஐந்து நாள் தலை நிமிராமல் மாணவர்களின் சான்றிதழ்களை அடித்துக்கொண்டிருப்பார். சனி, ஞாயிறில் கணினி விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட அணியில், அடிபட்டவர்களுக்கு மருந்து போடும் வைத்தியர் அவர்தான். அணித் தலைவர் அர்னுல்ஃபோ, பகோலோட் ஊர்க்காரர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஆறு வருடப் பழக்கம், குரலில் மட்டும்.

ஓர் அக்டோபரில் அந்த விளையாட்டைப் புதுப்பித்தார்கள். மறுநாள் மானாங்கின் கணினியில் அது திறக்கவே இல்லை. 'உங்கள் கிராபிக்ஸ் கார்டு போதாது' என்று ஒரு வரி. முந்தின நாள்வரை போதுமாக இருந்த அதே கார்டு.

வீட்டுக்காரர் கில்லர்மோ ஜீப்னி என்கிற ஊர் வண்டி ஓட்டுகிறவர். "என் வண்டிக்கு முப்பது வயசு. இன்னிக்கும் இருபது பேர ஏத்திக்கிட்டு ஓடுது. உன் பெட்டிக்கு ரெண்டு வருஷத்துல மூச்சு வாங்குதாக்கும்!"

"உன் வண்டியில எது பழசு, சொல்லு பார்ப்போம்? ஸ்டியரிங் மட்டுந்தான்யா பழசு!"

புதுக் கார்டின் விலை மூன்று மாதச் சம்பளம். பழையது ஒன்று வாங்கலாமென்று என்னையும் கூட்டிக்கொண்டு லாபாஸ் சந்தைக்குப் பின்னாலிருந்த கடைக்குப் போனார். கடைக்காரன் தியோஃபிலோ ஒன்றைத் துடைத்துக் காட்டினான். "காலேஜ் பொண்ணு ஒருத்தி வச்சிருந்தது மேடம். பாடத்துக்கு மட்டுந்தான். புதுசு மாதிரி."

வீட்டில் மாட்டிய ஐந்தாவது நிமிடம் முடி கருகுவது போல நாற்றம். கழற்றி மூடியைத் திறந்தோம். விசிறியில் பழுப்பாக ஒரு பிசின். அதில் கரப்பான் இறக்கைகள், கால்கள், வரிசையாக முட்டைக் கூடுகள். கிரிப்டோ காசு தோண்டுவதற்காக எங்கோ ராப்பகலாக ஓடித் தேய்ந்த கார்டு போலிருந்தது.

கடைக்கே திருப்பிக் கொண்டுபோனோம். தியோஃபிலோ கொஞ்சமும் அசரவில்லை. "ஊதி விட்டா ஓடும் மேடம்."

"இத்தன கரப்பானும் எந்தக் காலேஜ்ல படிச்சுதுங்க?" என்றார் மானாங்.

கடையிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அன்று மானாங் மூன்று முறை கை கழுவினார். பக்கத்துக் கடையில் பச்சோய் என்கிற நூடுல்ஸ் சூப் வாங்கினோம். அந்தப் பழுப்புச் சாற்றைப் பார்த்ததும் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

அந்த அருவருப்பிலேயே, வேறொரு பெரிய கடையில் புதுக் கார்டையே வாங்கினார். அது பழைய பெட்டிக்குள் நுழையவில்லை, நீளம் அதிகம். பெட்டியை மாற்றினார். அதற்கு மின்சாரம் ஊட்டும் பாகத்துக்குத் தெம்பில்லை என்றார்கள். அதையும் மாற்றினார். இனி உள்ளே இருக்கும் போர்டுதான் பழசு என்றார்கள். ஒவ்வொரு முறையும் அங்கிருந்த பையன் சிரித்த முகத்தோடு, "இது ஒண்ணுதான் மேடம், அப்புறம் கவலையே இல்ல" என்பான். டிசம்பரில் கூடுதலாக வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் போயிற்று. கூரைத் தகடு மாற்ற வைத்திருந்ததும் போயிற்று.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் ஆடிக்கொண்டிருந்தார். திரையில் மழை. ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் கூரை ஒழுகி, வாளியில் நிஜ மழை சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வாளியைப் பார்த்தார். "த்தூ! எனக்கே என்னப் பார்த்தா அசிங்கமா இருக்கு, லியோனிசா" என்றார்.

அடுத்த மாதமே அறிவிப்பு வந்தது. விளையாட்டை மூடுகிறார்களாம். 'இந்தப் பயணத்துக்கு நன்றி' என்று எழுதி, கீழேயே அதே கம்பெனியின் புது விளையாட்டுக்கு ஒரு விளம்பரம்: 'உங்கள் கணினி தகுதியானதா? இங்கே அழுத்திப் பாருங்கள்.' மானாங் அழுத்தினார். சிவப்பெழுத்தில் வந்தது: தகுதியில்லை.

அர்னுல்ஃபோ போனில் பேசினார். "எல்லாரும் புதுசுக்குப் போறோம் ரோவேனா. கார்ட மட்டும் மாத்திக்கிட்டு வந்துடு. உனக்காக ஒரு மாசம் காத்திருக்கோம்."

"ஒரு மாசத்துக்கு அப்புறம்?"

"வேற வைத்தியர் பார்த்துக்குவோம்."

மானாங் போனை வைத்துவிட்டார். மறுநாள் அலுவலகத்தில் என்னிடம் சொன்னார்: "கம்பெனிக்காரன் திருடன், அது தெரிஞ்சதுதான். ஆறு வருஷமா இவனுங்க உசிரக் காப்பாத்தினேனே, இவனுங்களும் என் பெட்டியத்தானே அளந்து பார்க்கிறானுங்க!"

விற்கலாமென்று வாங்கிய கடைக்கே கொண்டுபோனார். அதே பையன், அதே சிரிப்பு. "பழைய மாடல் மேடம்" என்று மூன்றில் ஒரு பங்கு விலை சொன்னான். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது அது எங்கள் அலுவலகத்தில், மானாங்கின் மேசையில் இருக்கிறது. முன்பெல்லாம் அரைமணி நேரம் காத்திருந்த பெற்றோர் இப்போது இரண்டே நிமிடத்தில் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அணியிலிருந்து யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. கொண்டுவந்த அன்று பெட்டிக்குள் சிவப்பும் ஊதாவுமாக விளக்குகள் ஓடின. தலைமையாசிரியை நின்று, "அட, அழகா இருக்கே!" என்றார். மானாங் குனிந்து, உள்ளே கை விட்டு, விளக்குக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.