ஒன்பதாம் எண் புட்டி

மேவிஸ் ப்ரோபர்ட் ஐம்பத்து நான்கு வயதுவரை ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. பத்து வயதில் மெதடிஸ்ட் கோயிலின் ஞாயிறு வகுப்பில், குடிக்க மாட்டேன் என்று அட்டையில் கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. மற்ற பதினோரு பேரும் இருபது வயதுக்குள் அதைக் காற்றில் பறக்கவிட்டார்கள். மேவிஸ் மட்டும் சொன்ன சொல்லில் நின்றாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் வாழ்க்கைப்பட்டது யார்ஸ்டன் கிராமத்தில் பேரிக்காய்த் தோப்பு வைத்திருந்த லயனலுக்கு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை நிறையப் பீப்பாய்கள். அந்தப் பக்கத்தில் ஆப்பிளைப் பிழிந்து புளிக்கவைத்தால் சைடர், பேரிக்காயைப் பிழிந்து புளிக்கவைத்தால் பெர்ரி. லயனல் செய்தது பெர்ரி. அக்டோபர் வந்தால் மேவிஸ் ஈரப் புல்லில் முட்டி போட்டுப் பழம் பொறுக்குவாள், கல்லில் அரைப்பாள், துணியில் பொதிந்து பிழிவாள். சாறு பீப்பாய்க்குள் இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே உன் பாடு," என்று சொல்லிவிட்டு லெட்பரி நகரத்துக்குப் போகும் பேருந்தை ஓட்டப் போய்விடுவாள். அதுதான் அவள் உத்தியோகம்.

லயனல் கை தாராளமானவன். தபால்காரர், மாட்டு வைத்தியர், வழி தவறி வந்தவர் என்று யார் வாசலில் நின்றாலும் கொட்டகைக்கு இழுத்துப் போய் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்பான். வருடா வருடம் மே மாதம் நடக்கும் சைடர், பெர்ரி போட்டிக்கும் புட்டி அனுப்புவான். பத்தொன்பது வருடத்தில் ஒரு பரிசுகூட வந்ததில்லை. "ருசி பாக்குறவனுங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு," என்பான். மேவிஸும் அப்படித்தான் நம்பினாள்.

போட்டி ஊர் மன்றத்தில் நடக்கும். செய்கிறவர்களே ஒருவர் சரக்கை ஒருவர் ருசிபார்த்து மதிப்பெண் போடுவார்கள். புட்டிகள் பழுப்புக் காகிதம் சுற்றி, எண் மட்டும் எழுதி வரும். அந்த வருடம் மேவிஸ் வழக்கம்போலக் கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பெர்ரி மேசையில் ஓர் ஆள் குறைந்தது. வர வேண்டியவருடைய பசு கன்று போட்டுக்கொண்டிருந்தது. போட்டியை நடத்தும் ஹெஸ்டர் ப்ரீஸ் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மேவிஸ், கையைத் தொடச்சிட்டு வந்து உக்காரு."

"நான் குடிக்கறதில்லன்னு உனக்குத் தெரியாதா?"

"குடிக்க யாரு சொன்னா? வாயில வெச்சுக் கொப்பளிச்சுத் துப்பு. பல் டாக்டர்கிட்ட போனா துப்பறதில்ல?"

மேவிஸ் கையைத் துடைத்தாள். போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹெஸ்டர். எதிரில் காட்ஃப்ரி குவில்லியம். அவனும் பெர்ரிக்காரன்தான், லயனலின் அடுத்த தோப்புக்காரன்.

முதல் புட்டி எலுமிச்சைத் தோல் மாதிரி வாயைச் சுருக்கியது. மூன்றாவதில் தேனும் மழையில் நனைந்த வைக்கோலும் மணந்தன. மேவிஸ் துப்பிவிட்டு அசையாமல் இருந்தாள்.

"என்னம்மா, ஆளே உறைஞ்சுபோயிட்ட?" என்றான் காட்ஃப்ரி.

"இதையா முப்பது வருஷமா நான் பீப்பாய்ல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போனேன்!"

மேசையே சிரித்தது. அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ஐந்து தண்ணீர், ஆறில் புகை, எட்டு பழுக்காத காய் என்று தோன்றியதைப் பட்டுப் பட்டென்று சொல்லிக்கொண்டே போனாள். ஒன்பதாம் எண் வந்தது. முதலில் பூ வாசம். நன்றாக இருக்கிறதே என்று நினைத்துத் துப்பினாள். பத்து எண்ணுவதற்குள் அடிநாக்கில் ஒன்று எழும்பி வந்தது. அவள் தங்கை மகள் வெள்ளை எலி வளர்த்தாள். அந்தக் கூண்டை ஒரு வாரம் கழுவாமல் விட்டால் வரும், அதே நாற்றம்.

"அய்யே! எலிக் கூண்டு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். "இதச் செஞ்ச மனுசன்கிட்ட யாராவது சொல்லக் கூடாதா?"

ஹெஸ்டர் பென்சிலைக் கீழே போட்டாள். காட்ஃப்ரி கூரையைப் பார்த்தான்.

அடுத்த மேசையில் சைடருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த லயனல் எழுந்து வந்தான். "எலியா? குடு, நானும் பாக்கறேன்." ஒரு மடக்கு விழுங்கினான். கண்ணை மூடினான். "எங்க எலி? பிரமாதமா இருக்கு! பூ வாசம் தூக்குது. ஏன், அப்படியே என்னோடது மாதிரியே…"

பாதியில் நிறுத்தினான்.

"மூணு பேர்ல ஒருத்தருக்கு அந்த ருசி தெரியவே தெரியாது, லயனல்," என்றாள் ஹெஸ்டர் மெதுவாக. "உன் தப்பு இல்ல."

லயனல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான். மேவிஸுக்கு முகம் குப்பென்று சிவந்தது. மிச்சக் கோப்பைகளைக் கழுவி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனபோது அவன் கொட்டகையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.

"பத்தொம்போது வருஷம் ஊரே மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சிருக்கு. ஒருத்தன் சொல்லல."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா மொத வருஷமே சொல்லியிருப்பேன்."

"அது தெரியும். ஊர் நடுவுல கத்திச் சொல்லுவ."

மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பார்த்துத்தான் பேசினான். நான்காம் நாள் காலையில், அவளுக்குப் பேருந்து இல்லாத நாள், ஒரு கோப்பையும் துப்புவதற்கு வாளியும் கொண்டுவந்து முன்னால் வைத்தான். "வா. எல்லாத்தையும் பாத்துச் சொல்லு. ஒளிக்காத."

பதினான்கு பீப்பாய். பத்தில் எலி. சுவரோரம் இருந்த நான்கு மட்டும் தெளிந்து, மணந்து கிடந்தன. மேவிஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். அந்த நான்கும் விளிம்புவரை நிறைந்திருந்தன. மற்ற பத்திலும் மேலே வெற்றிடம்.

"இதுலேர்ந்துதான வர்றவன் போறவனுக்கெல்லாம் மொண்டு குடுக்கற?"

"ஆமா."

"எடுத்த அளவுக்குத் திருப்பி ஊத்தி நெரப்பினியா?"

லயனல் தலையைச் சொறிந்தான். அவன் தாராளமே காற்றை உள்ளே விட்டு எலி நாற்றத்தைக் கிளப்பியிருக்கிறது. போட்டிக்கும் அந்தப் பத்திலிருந்துதான் புட்டியில் பிடித்திருக்கிறான். மேவிஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் முடியவில்லை.

அந்தப் பத்தையும் முள்செடிப் பள்ளத்தில் கொட்டினார்கள். உதவிக்கு வந்த காட்ஃப்ரி, "எத்தனையோ தடவ சொல்லிடணும்னுதான் வருவேன். வாயத் தொறக்கறதுக்குள்ள இன்னொரு கோப்பை ஊத்திடுவ," என்றான்.

"இப்போ நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு வா, பச்சத் தண்ணிதான் ஊத்துவேன்," என்றான் லயனல்.

கோயில் போதகரிடமும் மேவிஸ் நடந்ததைச் சொன்னாள். விழுங்காதது கணக்கில் வராது என்று அவர் ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டு மேலங்கிக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்தார். "என் தம்பி செய்யறது. எலி இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்."

அப்படித் தொடங்கியதுதான். பேருந்து நிறுத்தங்களில் ஆட்கள் புட்டியோடு நிற்கத் தொடங்கினார்கள். வண்டி ஓட்டுகிறவள் வாயில் வைக்க முடியுமா? ஹெஸ்டர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள்: ஒரு துளியை மணிக்கட்டில் தேய்த்து முகர்ந்தால் போதும், எலி இருந்தால் தோல் காட்டிக்கொடுத்துவிடும். மேவிஸ் சன்னல் வழியாகக் கையை நீட்டுவாள், துளி விழும், முகர்வாள். "நல்லாருக்கு, ஏறு!" அல்லது, "கொட்டிட்டு ஏறு!" பயணிகள் கைதட்டுவார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் பீப்பாய்கள் கழுத்துவரை நிறைந்து நின்றன. விருந்தாளிகளுக்குப் புட்டியிலிருந்து மட்டும் என்று சட்டம் போட்டாள். லயனல் முணுமுணுத்தான், ஆனால் மீறவில்லை. அடுத்த மே மாதம் அவள் சைடர் மேசையில்தான் உட்கார்ந்தாள். பெர்ரி பக்கமே திரும்பவில்லை. முதல் பரிசு காட்ஃப்ரிக்கு, இரண்டாவது எங்கிருந்தோ வந்த சகோதரிகள் இருவருக்கு. மூன்றாவது பெயரை ஹெஸ்டர் படித்தபோது லயனல் தன் காதை நம்பாமல், "யாரு?" என்று இரண்டு முறை கேட்டான்.

மறுவாரம் திங்கட்கிழமை, தோப்புகள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த காலையில், லெட்பரியில் ஒரு வேலையும் இல்லாதபோதும் அவன் மேவிஸின் பேருந்தில் ஏறினான். சட்டைப் பையில் மூன்றாம் பரிசு அட்டை வெளியே தெரியும்படி செருகியிருந்தான். ஒவ்வொரு இருக்கையாக நின்று காட்டிக்கொண்டே போனான்.

"உக்காருய்யா, வண்டிய எடுக்கணும்!" என்று மேவிஸ் கண்ணாடியில் பார்த்துக் கத்தினாள்.

"பின்னால நாலு பேரு இன்னும் பாக்கல," என்றான் லயனல்.

அவள் கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அந்த நாலு பேரும் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.