மூன்றாம் நாள் பறித்த பயத்தங்காய்

கிள்ளானில் நானும் அண்ணனும் பயத்தங்காய் போட்டிருந்தோம். பூச்சி மருந்து அடித்தால் ஏழு நாள் கழித்தே பறிக்க வேண்டும். மூன்றாம் நாளே அண்ணன் கோயில் அன்னதானத்துக்கென்று இரண்டு கூடை பறித்துவிட்டார்.

“நேத்து மழையில மருந்து போயிருச்சு லா. சாமிக்குன்னு சொன்ன காய்டா.”

“உள்ள ஊறினது மழையில போகாதுண்ணே, வெயில்ல போக நாளாகணும். சின்னப் புள்ளைங்க சாப்பிடும்.”

கூடையைப் பிடுங்கினேன். மண்வெட்டிப் பிடியால் என் வாயில் அடித்தார். பல் உடைந்து மண்ணில் விழுந்தது. இரண்டு கூடையையும் கொட்டி, ஒரு காய் மிஞ்சாமல் காலால் மிதித்து நசுக்கினேன். முதுகில் விழுந்த அடிகளை முருகா முருகா என்று வாங்கிக்கொண்டேன்.

அன்று அன்னதானத்தில் பூசணிக்காய் சாம்பார் மட்டும்தான். வாய் வீங்கி என்னால் சாப்பிட முடியவில்லை. பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன்தான் பரிமாறினார், என் பக்கம் மட்டும் வரவில்லை.