கரைப்பேணி

ஈயம் உருகும்போது ஒரு மணம் வரும். நெருப்பின் மணமும் இல்லை, இரும்பின் மணமும் இல்லை. நாக்குக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, எத்தனை தரம் எச்சில் விழுங்கினாலும் போகாத ஒரு கசப்பு அது. கிழிந்த வலைகளிலிருந்து கழற்றிய ஈயக் குண்டுகளை மீன் அடைத்து வந்த ஒரு வெற்றுத் தகர ரின்னுக்குள் போட்டு, வீட்டின் பின்புறத்தில் தென்னம்மட்டை நெருப்பில் வைத்து அண்ணன் உருக்குவான். மேலே சாம்பல் ஆடை படியும். அதை ஈர்க்கினால் ஒதுக்கினால் உள்ளே இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளக்கும். நான் எட்ட நின்றபடி, "அண்ணா, மூஞ்சில தெறிக்கும். அச்சு காய்ஞ்சிட்டுதோ பார், ஈரமெண்டா வெடிக்கும்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் திரும்பியும் பார்க்க மாட்டான்.

"இவள் ஒருத்தி. ஈயம் உருக முந்தி இவள் உருகிடுவாள்."

எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். பயப்படுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால், ஏன் ஒன்றும் இல்லை என்று பயப்படுகிற பிள்ளை நான். இன்றைக்கும் அப்படித்தான், வயதுதான் கூடியிருக்கிறது. எங்களுடையது கண்டக்குழி, கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரை. சண்டை வடக்கே நடந்தது; ஆனால் காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்து அதன் சத்தம் கடல்மேலாக எங்கள் முற்றத்துக்கும் வரும். இன்ன இடத்துக்கு அப்பால் படகு போகக்கூடாது, "பாஸ்" இல்லாமல் இறங்கக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டளை. அண்ணன் எட்வின் பதினாறை எட்டிக்கொண்டிருந்தான். அப்பாவின் கால் ஒன்று சரியில்லாததால், அடுத்த காற்று விழுந்து கடல் அடங்கியதும் மாமாவின் படகில் அவன் போகவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த முடிவை நான் நெஞ்சில் ஒரு மீன்முள்போல வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கப்பலில் வேலை செய்த சித்தப்பா ஒருமுறை வந்தபோது கொண்டுவந்த பெட்டியில்தான் எல்லாம் தொடங்கியது. அதற்குள் விரல் உயரப் பொம்மைகள் சிலவும், ஒரு தடித்த இங்கிலிஷ் புத்தகமும் இருந்தன. மாட்டுக் கொம்பு முளைத்த அரக்கர்கள், செட்டை விரித்துப் பறக்கிற ஒருவன், எல்லாருக்கும் மேலாக உள்ளங்கை அளவில் ஒரு கொம்பராசா. புத்தகத்தை எங்களில் யாராலும் வாசிக்க முடியவில்லை. படங்களைப் பார்த்து, இது ஒரு மேசையில் இரண்டு படைகள் மோதும் விளையாட்டு என்று மட்டும் அண்ணன் கண்டுபிடித்தான். மிச்சத்தை அவனே உண்டாக்கினான். களிமண்ணைச் சவர்க்காரப் பெட்டிகளுக்குள் அமுக்கி அச்செடுத்து, ஈயம் வார்த்து, படகுக்கு அடிக்கிற பெயின்ட் மிச்சத்தில் கோழி இறகைத் தோய்த்து நிறம் தீட்டினான். கரையில் வலை வைக்கிற எங்கள் ஓலை வாடிக்குள் இரண்டு பீப்பாய்மேல் பழைய கதவொன்றைப் போட்டு மணல் பரப்பினால் அதுதான் போர்க்களம். சிப்பிகள் கோட்டை, உப்புக் குவியல் பனிமலை, நீலத் துணி கடல். யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு, வலை பின்னும்போது கண்ணளவு பார்க்கிற சிறு பலகைத் துண்டுதான் அளவு: நடப்பவனுக்கு ஒரு கண், குதிரைக்காரனுக்கு இரண்டு, பறப்பவனுக்கு மூன்று. அடி விழுந்ததா இல்லையா என்பதை லூடோக் கட்டை தீர்மானிக்கும்.

பெரியவர்கள் இரண்டு கட்டளை போட்டார்கள். முதலாவது அப்பாவுடையது. "நாட்டில அடிபடுகிற ஒருத்தன்ட பேரும் இந்தப் பலகைக்கு வரக்கூடாது. பேயும் பூதமும் அடிபடட்டும், கேக்க ஆளில்ல." அதனால்தான் எங்கள் படைகள் "கொம்பர்", "ஜின்கள்", "குள்ளர்" என்றே இருந்தன. மனிதர்களை வைத்து விளையாட எங்களுக்கு வழியில்லை.

இரண்டாவது அம்மாவுடையது. கடலுக்குப் போகிற ஆள் உள்ள வீட்டில் சில சொற்களை வாயில் எடுக்கக்கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். ஒருநாள் வாடிக்குள்ளிருந்து, "செத்தான்! செத்தான்! ரெண்டு பேரும் செத்தாங்கள்!" என்று பொடியன்கள் கூச்சலிட, அம்மா அகப்பையோடு ஓடி வந்தாள்.

"ஆர்ரா அந்தச் சொல்லைச் சொன்னது? பொம்மையோ என்னவோ, அந்தச் சொல் என்ட வளவுக்குள்ள கேக்கக்கூடாது. விழுந்தான், தண்ணிக்குள்ள தாண்டான் எண்டும் சொல்லக்கூடாது."

"அப்ப என்னெண்டு சொல்றது அம்மா?" என்று அண்ணன் சிரித்தான்.

"கரையேறிட்டான் எண்டு சொல்லுங்கடா. வாயில நல்லது வரட்டும்."

அன்றிலிருந்து எங்கள் பலகையில் யாரும் சாகவில்லை. அடிபட்டவன் "கரையேறினான்". கரையேறியவர்களைப் போட்டுவைக்க வெறுமையான ஒரு பால்மாத் தகரப் பேணி. அதற்குக் "கரைப்பேணி" என்று பெயர். அதன் பொறுப்பு எனக்கு. படை நடத்த எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பொம்மை அடிபட்டாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அடித்தவன் பொம்மையைத் தூக்கி, என் உள்ளங்கையில் வைத்து, "கரையேறிட்டான்" என்று சொல்லவேண்டும். நான் வாங்கிப் பேணிக்குள் பஞ்சின்மேல் படுக்கவைப்பேன். அதனால் எனக்குக் "கரைக்காரி" என்ற பட்டம். அம்மா அந்தச் சொல்லைத் தந்ததோடு சரி. பிறகு அது எங்கள் வாயில் என்னவாக வளர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அது கடைசிவரை, ஆள் பத்திரமாக வந்துவிட்டான் என்ற சொல்தான்.

மன்னார்ப் பக்கமிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் ஓலைக் கொட்டில் போட்டு இருந்த முகாம் எங்களுக்குக் கிட்டத்தான். அங்கிருந்து வந்தவன் நஸீர், அண்ணனின் வயது. கரையில் ஐஸ் சுமந்து, மீனை வகை வகையாகத் தெரிந்து பிரித்து, கிடைத்ததை உம்மாவிடம் கொடுப்பான். ஊரிலிருந்து உடுத்த துணியோடு வந்த அவனிடம் விளையாட்டுச் சாமான் என்று ஒன்றும் இருக்கவில்லை. அண்ணன் அவனுக்கு ஒரு படையே வார்த்துக் கொடுத்தான். நஸீர் அதற்குச் சிவப்படித்து "ஜின் படை" என்று பெயர் வைத்தான். பிறகு அண்ணனைத் தோற்கடிக்கக்கூடியவன் அந்தக் கரையில் அவன் ஒருவன்தான்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தால் எங்கள் பக்கத்துக் கடலில் படகு இறக்க முடியாது. அந்த வருடக் கச்சானில் அண்ணன் ஒரு போட்டி வைத்தான். முகாமிலிருந்தும் கோயில் பக்கத்திலிருந்தும் பொடியன்கள் தங்கள் படைகளைச் சவர்க்காரப் பெட்டியிலும் சுருட்டுப் பெட்டியிலும் போட்டுக்கொண்டு வந்தார்கள். தோற்றவன் வெளியே, வென்றவன் அடுத்த ஆட்டத்துக்கு. பரிசு கொம்பராசா. தொழில் இல்லாத பெரிய ஆம்பிளைகளும் வாடி வாசலில் வந்து குந்திவிட்டார்கள். செட்டைக்காரன் ஒருவன் நீலத் துணிக் கடலைத் தாண்டியபோது மாமா, "டேய், பாஸ் இருக்கோ எண்டு கேளுங்கடா, அரக்கனெண்டாலும் இந்தக் கடலில பாஸ் வேணும்!" என்றார். வாடி அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிறகு நான் அங்கே கேட்கவில்லை.

கடைசி ஆட்டம் எதிர்பார்த்தபடி அண்ணனுக்கும் நஸீருக்கும்.

"என்ட ஜின்னுக்கு ஒடம்பே நெருப்பு மச்சான். ஒன்ட மாட்டுக் கொம்பு என்ன செய்யும்?"

"நெருப்பெண்டா ஊதி அணைப்பன். கதையைக் குறை, கட்டையைப் போடு."

ஆட்டம் ஒரு நாளில் முடியவில்லை. பேணி நிறைந்துகொண்டு வந்தது. பலகையில் மிஞ்சியவர்கள் கொஞ்சப் பேர், அண்ணனின் முறை. அப்போது மாமா வாசலில் வந்து நின்று, "காத்து விழுந்திட்டுது. பின்னேரம் இறங்குவம், எட்வின்" என்றார்.

அண்ணன் பலகையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தான். "என்ட முறை இருக்கு. ஒருத்தரும் தொடக்கூடாது" என்றான். பிறகு தன் "நொண்டிக் கொம்பனை" எடுத்து இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடியில் செருகிக்கொண்டான். அவன் முதன்முதலில் வார்த்த பொம்மை அது. ஒரு கால் குட்டையாகிப்போய் நிமிர்ந்து நிற்காது, அதனால் ஒரு ஆட்டத்திலும் இறங்கியதில்லை. அதிர்ஷ்டத்துக்கென்று எங்கு போனாலும் கொண்டு போவான். "போகாத அண்ணா" என்று நான் சாரத்தைப் பிடித்தேன். "போனா வருவன்தானே. பேணியைக் கவனமா வச்சிரு, கரைக்காரி" என்று தலையில் ஒரு குட்டு வைத்தான்.

அன்றிரவு வடக்குக் கடலில் வெடிச் சத்தம் கேட்டது. யாருடையது என்று கேட்கிற துணிவு அந்தக் காலத்தில் யாருக்கும் இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. விடிந்ததும் அப்பா காலை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனார். அம்மா செபமாலையோடு வேலிப் படலைக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். வெயில் ஏறத் தொடங்கியபோது நஸீர் ஓடி வந்தான். சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது. படலைக்குள் காலெடுத்து வைத்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"என்ட மகன் வந்திட்டானாடா?"

நஸீர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தான். மூடியிருந்த கையைத் திறந்து, ஈரமாக இருந்த ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான். நொண்டிக் கொம்பன்.

"எட்வின் கரையேறிட்டான், மாமி" என்றான்.

"இயேசுவே, மாதாவே!" அம்மா நெற்றியில் சிலுவை போட்டாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "பாத்தியா புள்ள? ஒப்பாரி முகத்தை வச்சுக்கொண்டு ராத்திரி முழுக்க என்னை வதைச்சுப்போட்டாய். அண்ணன் பசியோட வருவான், அந்தத் தேங்காயை எடு. தம்பி நஸீர், நில்லடா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. நல்ல செய்தி கொண்டு வந்த பிள்ளை."

கேத்திலில் தண்ணீர் வார்த்து அடுப்பில் வைத்தாள். தேங்காயை இரண்டாக உடைத்துத் திருவலையில் குந்தினாள். ரொட்டிக்கு மா குழைக்கவேண்டும், சம்பலுக்கு உறைப்புக் கூட்டவேண்டும், அவனுக்கு உறைப்புத்தான் பிடிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருவினாள். அந்த வீட்டில் நஸீரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. நஸீர் சொன்னதில் பொய்யும் இல்லை: அண்ணனின் உடம்பைக் கடல் கரையில்தான் கொண்டுவந்து விட்டிருந்தது. நான் நொண்டிக் கொம்பனைக் கைக்குள் மூடிக்கொண்டேன். கேத்தில் முனக ஆரம்பித்தது. அது கொதிக்கக்கூடாது, கொதிக்கவே கூடாது என்று நான் உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டு நின்றேன். ஒழுங்கைப் பாதையில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டபோதும் அம்மா திருவிக்கொண்டுதான் இருந்தாள்.

மாமா உயிரோடு வந்தார். என்ன நடந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. அடக்கம் முடிந்து கொஞ்ச நாளைக்குப் பிறகு, நஸீர் வாடிக்குள் போய், மணலில் அப்படியே நின்ற படைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அவன்ட முறை" என்றான். அடுத்த தொழிலுக்கு வலையைத் தயார் செய்தபோது ஈயம் போதவில்லை. அப்பா பழைய கதவின் மணலில் நின்ற கொம்பரையும் ஜின்களையும் வாரி எடுத்தார். பேணியையும் என்னிடம் வாங்கிக் கவிழ்த்தார். மீண்டும் அந்த மணம். படை முழுவதும் குண்டுகளாகி, வலையின் அடிக்கயிற்றில் ஏறி, கடலுக்குள் போனது. நான் ஒளித்து வைத்ததில் நொண்டிக் கொம்பன் மட்டும் தப்பினான். அந்த வருடத்தோடு நான் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அம்மாவைத் தனியே விட்டுப் போக எனக்குப் பயமாக இருந்தது, பிறகு கருவாட்டு வேலை வந்தது.

நஸீரின் குடும்பம் முகாம் மாறிப் போன அன்று அவன் சொல்லிவிட்டுப் போக வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. பிளாஸ்டிக்கில் செய்திருந்ததால் உருக்காமல் விட்ட கொம்பராசாவை அம்மா அவன் கையில் வைத்தாள்.

"போட்டி முடியல்லையே மாமி."

"வச்சுக்கொள்ளு. நீ பொய் சொல்லேல்லடா மகன். அந்தச் சொல்லை உங்களுக்குத் தந்தது நான்தானே."

அம்மா அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. படகுகள் வந்தால், "வந்திட்டாங்கள்" என்பாள், அவ்வளவுதான்.

வாடி நின்ற இடத்தில் இப்போது ஒரு லொட்ஜ் இருக்கிறது. நான் அங்கேதான் சமைக்கிறேன். எங்கள் படகுகளைக் கரையில் முடக்கிப்போட்ட அதே கச்சான் காற்றுக்காகத்தான் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நின்று கடலில் வழுக்குகிறார்கள். போன கச்சானில் ஒருநாள் காற்று விழுந்தது. போக்கிடமில்லாமல் இரண்டு பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் ஒரு பெட்டியைத் திறந்தார்கள். தேத்தண்ணி கொண்டுபோன நான் தட்டோடு நின்றுவிட்டேன். விரல் உயர அரக்கர்கள். கட்டை உருண்டது, ஒருவன் அடிபட்ட பொம்மையைத் தூக்கினான். என் கை தானாகவே நீண்டது. அவன் சிரித்துக்கொண்டு பொம்மையை என் உள்ளங்கையில் வைத்தான்.

"கரையேறிட்டான்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அது என்ன என்று லொட்ஜைப் பார்க்கிற பொடியனிடம் கேட்டார்கள். அவன் சிலாபத்துச் சிங்களப் பிள்ளை, தமிழும் நன்றாகத் தெரியும். ஏதோ விளக்கிவிட்டு என்னிடம், "நல்ல வார்த்தை அக்கா, ஆள் பத்திரமா வந்திட்டாரு எண்டு சொன்னேன்" என்றான். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பொம்மை விழும்போதும் இரண்டு பேரும் சேர்ந்து, கோணல் தமிழில், "கரையேறித்தான்! கரையேறித்தான்!" என்று கத்திச் சிரித்தார்கள்.

நான் திருத்தவில்லை. குசினிக்குள் வந்து, முனகத் தொடங்கியிருந்த கேத்திலை, அது கொதிக்க முந்தி, அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன்.