முன்தாளில் ஏழு பெயர்கள்

விவாத மேடைகளில் எதிரணியை ஏழு நிமிடங்களில் நிலைகுலைக்கப் பழகிய எனக்கு, ஒரு பழைய புத்தகத்தின் முன்தாளை இன்றும் தயக்கமின்றித் திறக்க முடிவதில்லை. விடுதிப் பள்ளிச் சிறுமிகளைப் பற்றிய, நூறாண்டுக்கு முந்திய ஆங்கிலத் தொடர்கதையின் ஒரு பாகம் அது. கைமாறும்போதெல்லாம் முந்தியவளின் பெயரைக் கோடிட்டு வெட்டி, அதன்கீழ் அடுத்தவள் தன் பெயரை எழுதியிருந்தாள். ஆறாவது பெயர் என் மச்சாளுடையது. ஏழாவது என்னுடையது.

மாமியின் மகளான அவள், பதின்மூன்று வயதில் ஜேர்மனியிலிருந்து இலண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வந்தாள். எங்கள் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்துப் பழம்பொருள் விற்பனையில் அகப்பட்ட அந்தத் தொடரைப் படித்தே ஆங்கிலம் கற்றாள். ஆதலால் இலண்டனில் உயிரோடிருக்கும் எவரும் பேசாத ஆங்கிலம் அவள் நாவில் குடியேறிற்று. பேருந்தில் அவள் பேசினால், இறந்துபோன யாரோ கூப்பிட்டதுபோல் கிழவிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கதைச் சிறுமிகள் தோழியைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆசிரியை பெயர் கூப்பிட்டால் எழுந்து பதில் சொல்வார்கள். அவளும் அப்படியே வாழ்ந்தாள்.

எட்டு வயதுப் பொறாமையில், அவள் இல்லாத நேரம், பென்சிலால் அவள் பெயரை வெட்டி என் பெயரை எழுதினேன். பார்த்தவள் புத்தகத்தை மூடிவைத்தாள்.

இறந்தோருக்கான நவம்பர் திருப்பலியில் வாசிக்க, எங்கள் வீட்டு இறந்தோர் பட்டியலை எழுதுவது அவள்தான். அந்த ஆண்டு முன்தாளில் வெட்டப்பட்டிருந்த பெயர்கள் எல்லாவற்றையும் அதில் சேர்த்தாள். “இப்ப ஒருத்தரும் உயிரோட இருக்கமாட்டினம். அவைக்காகச் செபிக்க ஆர் இருக்கினம்?” என்றாள். ஐந்து ஆங்கிலப் பெயர்களை வாசித்த குருவானவர், ஆறாவதாக அவளுடைய பெயரையும் வாசித்தார். என் இடப்பக்கத்திலிருந்து அவள் மெல்ல எழுந்தாள்.

“இருக்கிறன்.”

கோவிலே திரும்பிப் பார்த்தது. வீட்டில் அம்மா, யார் அந்தப் பெயரைக் கொடுத்தது என்று கேட்டபோது, “நான்தான் மாமி எழுதினனான்” என்றாள். கோடு கீறியது யாரென்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்வன்மையால் பரிசுகள் பெற்ற நான், ‘நான்தான் கீறினனான், மன்னிச்சுக்கொள்’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் கடைசிவரை சொல்லவேயில்லை.

சென்ற மாரிக் குளிரில் அவள் நோயில் இறந்தாள். இந்த நவம்பரில் பட்டியலை எழுதியது நான். அதற்கு முன் அந்தப் பென்சில் கோட்டை அழித்தேன். கோடு போயிற்று, தாளில் பதிந்த தடம் போகவில்லை. புத்தகம் மடியில் திறந்திருக்க, குருவானவர் அவள் பெயரை வாசித்தார். என் இடப்பக்க இருக்கை வெறுமையாக இருந்தது. ஆயினும் அடுத்த பெயருக்குப் போகாமல் அவர் சற்றுத் தாமதித்தார், யாரோ பதில் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருப்பவர்போல.