தைக்குள் காயாத வேம்பு

புதிதாக அறுத்த வேப்பம்பலகையின் வாடை மூக்குக்கு எட்டும் முன்னே நாக்கில் கசக்கும். அந்தக் கசப்போடுதான் எனக்குப் பெரியப்பாவின் நினைவும் வருகிறது.

கருங்குழியில் எங்கள் வீட்டுப் பின்புற வேம்பு ஒரு கார்த்திகைப் புயலில் சாய்ந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. மில்லில் அறுத்து வந்த ஆறு பலகைகளும் என் படிப்பு மேசைக்கு என்று அப்பா சொல்லியிருந்தார். அதுவரை தரையில் குப்புறப் படுத்துத்தான் எழுதினேன். நூலகப் புத்தகத்தில் படித்தபடி எல்லாம் செய்தேன்: நிழலான தாழ்வாரம், பலகைக்குப் பலகை நடுவே காற்றுப் போகக் குச்சிகள், மேலே பாரத்துக்குக் கருங்கல், வெட்டுமுனைகளில் மிச்சப் பெயின்ட். ஒரு துண்டை ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதினேன். எடை இறங்குவது நின்றால்தான் மரம் காய்ந்ததாக அர்த்தம்.

“இன்னாடி, கொயந்தைக்குப் பாக்குறாப்புல கட்டைக்கு வெயிட்டு பாத்துகினு கீற?” என்று தெருவுக்கே கேட்கச் சிரிப்பார், பக்கத்து மனையில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த பெரியப்பா. அந்த வீட்டுக்குத் தையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, வாசலுக்குக் கதவில்லை. நான் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் நான்கு பலகைகளைத் தூக்கிப்போய்விட்டார். “அண்ணன் கேட்டா இல்லன்னு சொல்லவா முடியும்?” என்றார் அப்பா. “அண்ணாத்த, உள்ள ஈரம் கீது, வெயில்ல முறுக்கிக்கும்” என்று தச்சர் சொன்னதற்கும், நான் நீட்டிய நோட்டுக்கும் பெரியப்பாவிடம் ஒரே பதில்தான்: “கட்டை காயலன்னா முகூர்த்தம் நின்னுகினு இருக்குமா?”

மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, குறித்த நாளில் கதவு ஏறியது. சித்திரையில் அது முறுக்கிக்கொண்டு மேல்மூலையில் கை நுழையும் அளவுக்கு விலகியது, தாழ்ப்பாள் எட்டவில்லை. “நீ வாய வெச்ச, கோணிகிச்சு” என்று வந்து நின்றவர், சரிசெய்ய மிச்ச இரண்டு பலகைகளையும் கேட்டார். கருங்கல்லைத் தள்ளிவிட்டு நான் அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். “எழுந்திரு” என்றார் அப்பா, இரண்டு முறை. எழவில்லை. “பொம்பளப் புள்ளைக்கு இம்மாம் திமிரா” என்றபடி போன பெரியப்பா சாகும்வரை என்னோடு பேசவில்லை; அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று பொத்தேரி வாடகை வீட்டில், அந்த இரண்டு பலகைகளில் செய்த குறுகலான மேசைமேல்தான் இதை எழுதுகிறேன். கருங்குழியில் எங்கள் தாழ்வாரமும் அவர் வீடும் சாலை விரிவாக்கத்துக்காகப் போன மாதம் இடிபட்டன. பழைய மரம் வாங்குபவர் வண்டியில் கதவுகளை அடுக்குவதை நின்று பார்த்தேன். மற்றதெல்லாம் படிந்தது; அந்த ஒன்று மட்டும் எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

“இது இன்னாம்மா, படுக்கவே மாட்டேங்குது?”

“அப்பவே சொன்னேன்” என்றேன்.