அடைக்கோழியின் ஜெனரேட்டர்

தெருவில் அவளுக்கு அடைக்கோழி என்று பெயர். வைத்தவன் எதிர்வீட்டு டிரைவர். முட்டை பொரிக்கும் மெஷினை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்கிறாளே என்று கிண்டலாகச் சொன்னான், ஒட்டிக்கொண்டது. அவள் முகம் சுளிக்கவில்லை. "கோழிக்காச்சும் குஞ்சு வெளிய வந்தா லீவு உண்டு. எனக்கு அதுவும் கிடையாது" என்று அவனுக்கே திருப்பிக் கொடுத்தாள்.

சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் ஒட்டிக்கொண்டிருந்தவள். முதுகு போனதும் வேலையை விட்டாள். கையிலிருந்ததைப் போட்டு மெஷின் வாங்கினாள். பின்னறையில் பீரோ உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே சூட்டுக்கு ஹீட்டர், சூட்டைப் பரப்ப ஃபேன், முட்டைத் தட்டுகளைச் சாய்த்துச் சாய்த்து வைக்க ஒரு குட்டி மோட்டார். கோழி வளர்க்கிறவர்கள் முட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள், இவள் குஞ்சாகத் திருப்பிக் கொடுப்பாள்.

எல்லாம் சரியாகத்தான் போனது, ஒரு பகல் முழுக்கக் கரண்ட் போகும் வரைக்கும். அந்தத் தடவை ஒரு முட்டைகூடத் தேறவில்லை. ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். உள்ளே அலகும் காலும் வந்து, இறகுகூட முளைத்து, அப்படியே அடங்கிப் போயிருந்தன. கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தாள். மறுநாள் காலையில் புருஷனிடம், "கிளம்புங்க, ஜெனரேட்டர் வாங்கணும். இன்னொரு தடவை நான் குழி வெட்ட மாட்டேன்" என்றாள்.

புருஷன் பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவர். கடையில் இருந்ததிலேயே சின்னதாக, பெட்டி மாதிரி இருந்த ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. கூட வந்த அவள் தம்பி லைட் செட் வாடகைக்கு விடுகிறவன். அவன் கண் பெரிய டீசல் இன்ஜின் மேல்.

"அக்கா, இதை வாங்கிப் போட்டா ஒரு மண்டபத்துக்கே வெளிச்சம் போடலாம்."

"எங்க வீட்ல மண்டபம் இல்லடா. ஒரு பீரோதான் இருக்கு."

"மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"நான் சொல்லி எது நடந்திருக்கு மாப்பிள்ளை, இது நடக்க?"

அவள் கடைக்காரரிடம் போனாள். மெஷின் செய்தவரிடம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். "ஹீட்டர், ஃபேன், மோட்டார் மூணும் ஒண்ணா ஓடும். மோட்டார் கிளம்புறப்ப ஒரே மூச்சுல ரெண்டு மூணு மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத் தாங்கணும். அதுக்கு மேல எனக்கு வேண்டாம்" என்றாள். கடைக்காரர் சின்னதையும் காட்டவில்லை, பெரியதையும் காட்டவில்லை. இரண்டு சக்கரமும் கைப்பிடியும் வைத்த ஒரு நடுத்தரமான பெட்ரோல் ஜெனரேட்டரை இழுத்து வந்தார். அவள் அதைக் கடைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிப் பார்த்தாள். வெளியே கொண்டுபோய்க் கயிற்றை இழுத்துத் தானே ஸ்டார்ட் செய்தாள்.

"ஆம்பளைங்க நாங்க ரெண்டு பேர் இருக்கோமே, நீ எதுக்கு இழுக்குற?" என்றான் தம்பி.

"கரண்ட் போறப்ப நீங்க ரெண்டு பேரும் வீட்லயா இருப்பீங்க?"

அந்த நடுத்தர ஜெனரேட்டரே வீட்டுக்கு வந்தது.

கொல்லையில் சிமெண்ட் போட்ட இடம்தான் அதற்கு. முதல் மழையில் புருஷன் அதை வீட்டுக்குள், நடையில் வைக்கலாம் என்றார். "புகை ஜன்னல் வழியா போயிடும்டி."

"போகலைன்னா நாமதான் போகணும். அந்தப் புகைல இருக்குற விஷத்துக்கு வாசனைகூட இருக்காது, தூங்குற மாதிரி ஆளை முடிச்சிடும். முட்டையையும் சேர்த்து."

நாலு பக்கமும் திறந்திருக்க, உயரத்தில் தகரம் கட்டினாள். மழை மேலே விழாது, புகையும் தங்காது. அதோடு விட்டாளா? வாரம் ஒரு நாள், கரண்ட் இருந்தாலும், மெஷினை அதில் மாட்டிக் கொஞ்ச நேரம் ஓட்டுவாள். ஓடாமல் கிடந்தால் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும். ஆயில் குச்சியை உருவித் துடைத்து அளவு பார்ப்பாள், கறுத்தால் மாற்றுவாள். காற்று வடிகட்டும் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பாள். தம்பி ஒரு தடவை இரவல் கேட்டு வந்தான். "என் பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கேளு, தர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இத்தனை பார்த்தும் ஒரு நாள் அது காலை வாரியது.

இரண்டு நாள் விடாத மழை. மெஷின் நிறைய முட்டை. உள்ளே குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கிய நேரம் பார்த்து, மத்தியானம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் படீரென்று வெடித்தது. கொல்லையில் கணுக்கால் தண்ணீர். தண்ணீரில் நிற்கும் ஜெனரேட்டரை அங்கேயே ஓட்ட அவளுக்கு என்ன பைத்தியமா? வாசலுக்குத் தள்ளி வந்தாள். பைக் ஏற்றுவதற்காகப் போட்ட சரிவின் மேல், தண்ணீர் எட்டாத உயரத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தாள். மேலே போர்டிகோ கூரை. ஒரே இழுப்பில் கிளம்பியது. அவள் மெஷினுக்கு வயர் மாட்டுவதற்குள் நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தாள். ஓடியது, நின்றது. மழைக்கு வேலையில்லாமல் வீட்டிலிருந்த தம்பி அவள் போன் போட்டதும் ஓடி வந்தான். புருஷனும் டிப்போவிலிருந்து வந்து சேர்ந்தார்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்றார் புருஷன்.

"ஸ்பார்க் பிளக் போயிருக்கும் மாமா. கழட்டுவோம்."

"நீ கழட்டின எதையாவது திரும்ப மாட்டியிருக்கியா மாப்பிள்ளை?"

அவர்களைக் கழற்ற விட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். சூட்டுமானி இறங்கிக்கொண்டிருந்தது. மெஷினைச் சுற்றிக் கம்பளி போர்த்தினாள், காற்றுத் துவாரத்தை மட்டும் மூடவில்லை. பொரிக்கப் போகும் குஞ்சு மூச்சு விட ஆரம்பித்துவிடும், அடைத்தால் செத்துவிடும். கண்ணாடி வழியே பார்த்தாள். ஓர் ஓட்டில் மிளகு அளவு பொத்தல். அதற்குள் அலகு அசைந்தது, பிறகு அசையவில்லை. கொல்லையில் வெட்டிய குழி ஞாபகம் வந்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

தம்பி பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கீழே வைத்திருந்தான். அது உருண்டது. எட்டிப் பிடித்து வைத்தான், மறுபடி உருண்டது. "இதுகூட என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று காலால் அணைபோட்டான்.

அவள் பிளக்கைப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள். பிறகு ஜெனரேட்டரைப் பார்த்தாள். அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"பிளக்கை மாட்டு. கீழ இறக்குங்க."

"எதுக்குடி?"

"ஆயில் குறைஞ்சா தானா நிறுத்துறதுக்கு உள்ள ஒரு மிதவை இருக்கு. சாய்ச்சு வச்சா ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும். ஆயிலே இல்லைன்னு நினைச்சு அது இன்ஜினை நிறுத்துது."

"இதுல கொண்டுவந்து வச்சது யாரு?" என்றான் தம்பி.

"நான்தான். திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டு, இப்பத் தள்ளு."

எங்கே தள்ளுவது? தெருவெல்லாம் தண்ணீர். எதிர்வீட்டில் மட்டும் வாசல் உயரம், மேலே கூரை, மட்டமான தரை. டிரைவர் ஏற்கெனவே கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். "கொண்டாங்க. எந்நேரமும் டபடபன்னு கத்தும், பரவாயில்லை, என் வண்டியைவிடக் கம்மிதான்."

மூவரும் தூக்கிக்கொண்டு போய் இறக்கினார்கள். தம்பி தன் லைட் செட்டின் தடித்த வயரைக் கொண்டுவந்து இரண்டு வாசலுக்கும் குறுக்கே தலைக்கு மேலே கட்டினான். அவள் கயிற்றை இழுத்தாள். கிளம்பியது. நிற்கப்போகிறதா என்று எல்லோரும் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். நிற்கவில்லை.

இருட்டும் நேரத்தில் பெட்ரோல் தீரும் போலிருந்தது. புருஷன் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "ஓட ஓடவே ஊத்திடுறேன். நிறுத்தினா சூடு இறங்கிடும்."

"நிறுத்துங்க."

"உள்ள உசிரு இருக்குடி."

"வெளியிலயும் இருக்கு. சூட்டு இன்ஜின் மேல பெட்ரோல் பட்டா பத்திக்கும். நிறுத்தி, ஆற விட்டு, அப்புறம் ஊத்துங்க. அதுவரைக்கும் கம்பளி தாங்கும்."

அவர் நிறுத்தினார். இன்ஜின் ஆறும் வரை கேனை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். ஊற்றி, மறுபடி ஓடவிட்டு, நனைந்த சட்டையோடு பின்னறைக்கு வந்தார். சூட்டுமானி மெல்ல ஏறியது. அவர் கண்ணாடியில் காதை வைத்தார்.

"கத்துதுடி. ஒண்ணு இல்ல, நிறைய."

"கத்தட்டும்" என்றாள் அவள், கம்பளியை மடித்துக்கொண்டே. "கதவை மட்டும் திறந்துடாதீங்க."